பூஜையில் வைத்த துப்பாக்கி

பலகையின் மேல் வெள்ளைத் துணி, அதன் மேல் என் மாமனாரின் காற்றுத் துப்பாக்கி. அதன் பின்பக்க மரக்கட்டையில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம், குழலின் நுனியில் ஒரு செவ்வந்திப் பூ. அதற்கு ஒரு பக்கம் என் கணவர் கைபேசி பழுது பார்க்கும் சின்னச் சின்னத் திருப்புளிகள், இன்னொரு பக்கம் என் அரிவாள்மனையும் தையல் கத்தரியும். அந்த ஆயுத பூஜை முடிந்து நாலு வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தப் பலகை அப்படியே வந்து நிற்கிறது. சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்தது என் கை. மாமனார் இறந்து இப்போது ஒரு வருடம். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "தங்கமான மனுஷன்" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுகிறேன். வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்துவிடும் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

எங்கள் வீடு பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். மாமனார் போட்டாதாங்கில் ஒரு பருப்புக் கிடங்கின் பொறுப்பாளராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். உளுந்தும் துவரையும் மூட்டை மூட்டையாக வந்து அடுக்கப்பட்டு, பிறகு கப்பலுக்குப் போகும். காற்றுக்காக உயரத்தில் விட்ட இடைவெளிகள் வழியாகப் புறாக்கள் உள்ளே நுழைந்து மூட்டைகளைக் கொத்தும், எச்சமிடும். எச்சம் பட்ட மூட்டையை வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். அதற்காக முதலாளி வாங்கி வைத்த துப்பாக்கி அது. வெடிமருந்து கிடையாது. குழலை நடுவில் மடக்கி, ஓர் ஈய ரவையை வைத்து நிமிர்த்தினால், இறுகிய காற்று அதைத் தள்ளும். மாமனார் வேலையிலிருந்து நின்றபோது மற்றவர்களுக்குக் கைக்கடிகாரம் கொடுத்த முதலாளி, இவருக்கு மட்டும் அந்தத் துப்பாக்கியையே கொடுத்துவிட்டார். "கடியாரத்த வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது ஆயி" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய இரண்டு நண்பர்கள் தத்தம் காற்றுத் துப்பாக்கியோடு எங்கள் மொட்டை மாடிக்கு வருவார்கள். ஒருவர் படகுத்துறையில் படகு ஓட்டிய பர்மியர். மற்றவர் தன்லியினிலிருந்து பஸ் பிடித்து வரும் தமிழ்த் தையல்காரர். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து, துப்பாக்கிகளை மடியில் கிடத்திக்கொண்டு, நான் கொண்டுபோய் வைக்கும் தேநீரைக் குடித்து, தேயிலை ஊறுகாயைத் தின்றபடி மணிக்கணக்கில் பேசுவார்கள். படகுக்காரர் தன் துப்பாக்கியில் தொலைநோக்கிக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அவர் எதையும் சுட்டு நான் பார்த்ததில்லை. ஆற்றோரம் போய் அதன் வழியாகக் கப்பல்களின் பெயரைப் படிப்பதுதான் அவருக்கு இன்பம். தையல்காரருக்குச் சத்தம் பிடிக்கும். பால் டப்பாக்களை வரிசையாக நிறுத்தி, ரவை பட்டதும் எழும் அந்த 'டங்' என்ற ஒலிக்குக் குழந்தை மாதிரி சிரிப்பார். அறுபது தாண்டிய மூன்று ஆண்கள் இப்படிப் பொம்மை வைத்து விளையாடுவதைப் பார்க்க எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

மாமனாருக்கு ஏன் பிடிக்கும் என்பதை ஒரு நாள் என்னிடம் தனியாகச் சொன்னார். பழைய வேட்டித் துணியால் குழலைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். கிடங்கில் காலையிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களாம். முதலாளி கூப்பிடுவார், லாரிக்காரன் கூப்பிடுவான், சுமை தூக்குகிறவர்கள் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து ஒரு கண்ணை மூடிவிட்டால், புறா பறந்துவிடும் என்று கிடங்கு முழுக்க வாயை மூடிக்கொள்ளும். "அந்த ஒரு நிமிஷம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க ஆயி. முதலாளியே வாசல்ல நின்னுருவாரு." இதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மரக்கட்டையில் அவர் கன்னம் பட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் மெருகேறியிருந்ததைத் தொட்டுக் காட்டினார். நானும் தொட்டுப் பார்த்தேன். அந்த இரக்கத்தை எல்லாம் இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது வார்டு ஆபீஸிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய வண்டி சந்துக்குள் வந்தது. எந்த வகைத் துப்பாக்கியாக இருந்தாலும், காற்றுத் துப்பாக்கியும் சேர்த்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வீடு தாளும் கொடுத்தார்கள். படகுக்காரர் அன்று மாலையே கொடுத்துவிட்டார். தையல்காரர் மறுநாள் காலை அவருடைய ஊரில் கொடுத்தார். என் மாமனார் தாளை நாலாக மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினார். புதன்கிழமை கால் வலி என்றார். வியாழக்கிழமை மழை என்றார். வெள்ளிக்கிழமை விடிந்தது, அன்று பூஜை.

பர்மாவில் பிறந்து பர்மியில் படித்து வளர்ந்தாலும் நாங்கள் ஆயுத பூஜையை விட்டதில்லை. தொழில் செய்யும் பொருளைக் கழுவித் துடைத்துப் பூஜையில் வைத்தால் அன்று அதைத் தொடக்கூடாது, மறுநாள் காலை மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். இறந்துபோன என் மாமியார் பர்மியர். அவர்கூட அன்றைக்குத் தன் நெசவுக் குச்சிகளைக் கொண்டுவந்து வைப்பாராம். மாமனார் காலையிலேயே எழுந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுப் பலகையில் கிடத்தி, "பொட்டு வையி ஆயி" என்றார். வைத்தேன். அப்போதே "மாமா, இன்னைக்குத்தானே கொடுக்கணும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வடைக்கு ஊறவைத்த பருப்பு நினைவில் இருந்தது, கேட்கவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் கேட்டார். அப்பாவை அவர் பர்மியில் அபே என்றுதான் கூப்பிடுவார். "அபே, நாலு மணிக்குள்ள கொடுக்கணும். நான் கொண்டு போறேன்." மாமனார் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "பூஜையில வச்சத எடுக்கப்படாது தம்பி. வார்டு தலைவரு நம்ம வீட்டு வடை தின்னு வளர்ந்தவன். ஒரு நாளுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டான்." என் கணவர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். என்னைப் பார்த்தார். நான் ரசத்தை ஊற்றினேன்.

மூன்று மணிக்கு மாமனார் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனார். நான் பலகையின் முன் போய் நின்றேன். வார்டு ஆபீஸ் எங்கள் சந்திலிருந்து பத்து நிமிட நடை. துப்பாக்கியின் மேல் கையை வைத்தேன். சாமி குற்றம் என்ற பயம் கொஞ்சம், மாமனார் விழித்துக்கொண்டால் என்ன சொல்வாரோ என்ற பயம் நிறைய. கையை எடுத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சாமிக்காக அவர் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். அவருக்கு அது இன்னும் ஓர் இரவு வீட்டில் இருக்க வேண்டும், அதற்குச் சாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அவருக்கு மறுபடி கால் வலி. "நீ கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா தம்பி. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். தெருவில் பார்க்கிறவர்கள் பயப்படுவார்களே என்று என் கணவர் துப்பாக்கியை ஒரு பழைய லோன்ஜிக் கைலியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மூலையில் சோதனைக்கு நின்ற சிப்பாய்கள் நிறுத்தினார்கள். கெடு முடிந்த மறுநாள், துணியில் மறைத்து, ஒரு துப்பாக்கி. மரக்கட்டையில் காய்ந்திருந்த சிவப்பு என்ன என்று கேட்டார்களாம். பூஜையில் வைத்தோம் என்று இவர் சொல்லியிருக்கிறார். துப்பாக்கிக்கு யாராவது பூஜை செய்வார்களா என்று கேட்டு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வடையைத் தின்று வளர்ந்த வார்டு தலைவர், நான் போய் நின்றபோது என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பதினொரு மாதம். வாரம் ஒரு தரம் சோற்றுப் பொட்டலத்தோடு இரண்டு பஸ் மாறிப் போய், உள்ளே வாங்கிக்கொள்கிறார்களா இல்லையா என்று சிறை வாசலில் காத்திருப்பேன். மாமனார் ஒரு நாளும் கூட வரவில்லை, கால் வலி. நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்: "அந்தப் பொருள எங்க வச்சிருக்காங்கன்னு விசாரிச்சியா ஆயி?" மகனைப் பற்றி "நல்லா இருக்கானா" என்று கேட்பார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு துப்பாக்கிக்கு வந்துவிடும், துரு ஏறிவிடுமே என்று கவலைப்படுவார். என் கணவரைப் பிடித்துவைத்தவர்கள் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. அந்த வாசலில் முகத்தைச் சுளித்தால்கூடப் பொட்டலம் உள்ளே போகாது. போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாத கோபம் எல்லாம் வீட்டுக்குத் திரும்பி அந்த நாற்காலி மேல் விழுந்தது. அது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் நியாயம்தான்.

ஒரு மத்தியான வேளையில் என் கணவர் வந்துவிட்டார். உடம்பு பாதியாகியிருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. திருப்புளி பிடிக்கிற கை. மாமனார் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதைத் திருப்பிக் கொடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் செம்பை அவர் மேல் வீசாமல் கீழே வைத்தது நான் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம். என் கணவர் சிரித்தபடி சொன்னார்: "கொடுக்க மாட்டாங்க அபே. பெரிய ஆபீஸர் ஒருத்தருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவரே எண்ணெய் போட்டு வச்சிருக்காரு." மாமனாரின் முகம் மலர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து டீக்கடையில், கோயிலில், மாடிக்கு வரும் நண்பர்களிடம் எல்லாம் இதே பேச்சு. அருமை தெரிந்த ஆள் கையில் இருக்கிறது என்பார்.

பத்து நாள் கழித்து, மார்க்கெட்டுக்குப் போகிற ரயிலில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என் கணவர் என்னிடம் உண்மையைச் சொன்னார். முதல் நாளே படிக்கல்லில் அடித்து அதை உடைத்துவிட்டார்கள். சிதறிய துண்டுகளை இவரையே பொறுக்கிக் குப்பையில் போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. "அபேகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் பர்மியில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு மேல் நான் சொல்லவில்லை. அவருடைய பழுதுபார்க்கும் கடை போயிற்று. நான் தையலில் உட்கார்ந்தேன். அந்த ஆபீஸரின் நல்ல குணத்தைப் பற்றி மாமனார் பேசும்போதெல்லாம் தையல் மிதியை வேகமாக மிதிப்பேன், சத்தத்தில் அவர் பேச்சு கேட்காது.

போன வருடம் மாமனார் படுத்த படுக்கையானார். ஒரு சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "அந்த ஆபீஸரு இப்பவும் எண்ணெய் போடுவாரா ஆயி?" என்று கேட்டார். கையில் கரண்டியோடு சொல்லிவிட்டேன். "மொத நாளே கல்லுல அடிச்சு உடைச்சுட்டாங்க மாமா. உங்க மகன்தான் பொறுக்கிப் போட்டாரு." அவர் வாயில் இருந்த கஞ்சியை விழுங்காமல் என்னையே பார்த்தார். வேண்டுமென்றேதான் சொன்னேன், வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். பிறகு கஞ்சியை விழுங்கிவிட்டு, "பொருளையே அப்பிடிப் பண்ணுனவனுங்க தம்பிய என்னா பண்ணுனாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் அத்தனை நாளும் காத்திருந்தேன். துப்பாக்கி உடைந்த பிறகுதான் அது அவர் வாயிலிருந்து வந்தது. "அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லி, முன் அறையிலிருந்த என் கணவரை அனுப்பிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கால் மணி நேரம் இருக்கும். வெளியே வந்தவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே, "ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் வச்சிருந்தாங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். "நம்பினாரா?" என்றேன். "நம்பிட்டாரு" என்றார்.

ஐந்தாம் நாள் மாமனார் போய்விட்டார். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆமாம், நிம்மதியாகத்தான் போனார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.