ஒரு மணி முன்னாடி

பம்பாயிலிருந்து நாலு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கிர்க்கி ராணுவத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் சுவிசேஷமுத்து முப்பத்துமூன்று வருஷம் உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதி முடிந்தபின் கேட்டுக்குள் நுழைகிறவன் யாராக இருந்தாலும் பெயருக்கு நேரே சிவப்பு மை விழும். ஊர்க்காரன், சபைக்காரன் என்று கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு. ஒருவருக்கும் அரை நிமிஷம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அவருடைய மாமனாரே வந்தாலும் சிவப்பு மைதான் என்று ஆட்கள் கேலி பேசுவார்கள். மனுஷன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வேலையில் இப்படிக் கறாராக இருந்தவர் வீட்டில் வாயைத் திறந்தால் பொய். எல்லாம் ஒரே ஒரு பொய்தான், அதையே மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே மகள் மில்ட்ரெட் நர்ஸ் வேலைக்கு லண்டன் போயிருந்தாள். எண்பத்திரண்டில் அங்கே கூட வேலை பார்த்த ஓர் அயர்லாந்துக்காரனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் போட்டாள். மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்பதைக்கூடக் கிருபாவதி பொறுத்திருப்பாள். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்த காரியத்தை அவளால் தாங்க முடியவில்லை. "எனக்குப் பிள்ளை கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் மகளும் அம்மாவுக்குத் தப்பாத பிடிவாதக்காரி. மாதா மாதம் அப்பாவுக்கு மட்டும் எழுதினாள்.

மில்ட்ரெட்டுக்குத் தமிழ் எழுத வராது. கிருபாவதிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆகவே சுவிசேஷமுத்து கடிதத்தைத் தமிழாக்கி உரக்க வாசிப்பார். முடிவில், "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும், அம்மா உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்" என்று இல்லாத ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வார். அந்த வரி ஒவ்வொரு கடிதத்திலும் அதே இடத்தில், அதே ஆபீஸ் தமிழில் வந்தது. கிருபாவதி காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

எண்பத்தைந்து பிப்ரவரியில் அவர் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துச் சாங்வியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் பாங்கில் டெபாசிட்டாகக் கிடந்தன. அவருக்கு அந்தப் பணத்தின்மேல் ஒரே ஒரு ஆசைதான். மெயின் ஸ்ட்ரீட்டில் டிக்கெட் ஏஜென்ட் ஒருவரிடம் போய், பம்பாயிலிருந்து லண்டனுக்கு இரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வந்தார்.

"அவ வாசல்ல போய் நிக்கதுக்கா நீங்க ஆயுசு பூரா உழைச்சிய?" என்றாள் கிருபாவதி. பேச்சு அதோடு நின்றது.

அடுத்த தெருவில் ஸ்வாமிநாதன் என்ற பாங்க் ஊழியர் வீட்டுக்கு, எட்டு வருஷம் காத்திருந்த டெலிபோன் அந்த ஏப்ரலில் வந்தது. மே முதல் மில்ட்ரெட் அங்கே பேசத் தொடங்கினாள். மாதத்தின் கடைசி ஞாயிறு, அவளுக்கு மத்தியானம் பன்னிரண்டு, இவருக்கு நாலரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காசு போட்டுப் பேசும் பெட்டியிலிருந்து மூன்று நிமிஷம். கடிதத்தில் காட்டிய வீம்பு குரலில் நிற்கவில்லை. இரண்டாவது தடவையே, "அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டு அழுதாள். அவர் ஓடி வந்து கிருபாவதியிடம் சொன்னார். மூன்று வருஷமாகக் கேட்ட அதே வரிதானே என்று அவள் உலையில் அரிசியைப் போட்டாள்.

செப்டம்பரில் மில்ட்ரெட், தனக்கு ஆறு மாதம் என்று சொன்னாள். இதைக் கேட்டபோது கிருபாவதியின் கை நின்றது. மறுநாள் காலை, "பிள்ளைப்பேறுக்குக்கூட ஆள் இல்லாம கெடப்பாளோ?" என்றாள். பிறகு, "அடுத்த வாட்டி நானும் வாரேன். போன்ல பேசுதேன். அவ வாயால வான்னு கூப்பிட்டான்னா, டிக்கெட் எடுங்க."

சுவிசேஷமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தார். டெபாசிட்டை உடைக்க பாங்கில் ஃபாரம் வாங்கி வைத்தார். அடுத்த மாதம் அம்மாவை அழைத்து வருவதாக மகளுக்கு எழுதினார். கடிதம் கிடைத்த வாரக் கடைசியில் அவள் கூப்பிட, ஸ்வாமிநாதன் ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். பேச மீந்தது அரை நிமிஷம்.

"அப்பா, நிஜமா அம்மா வருவாங்களா? கேளுங்க, இங்க டைம் சேஞ்ச் ஆகும். அதனால அந்த சண்டே உங்களுக்கு ஒரு மணி முன்னாடி ஆயிடும். ஓகேவா?"

"ஒரு மணி முன்னாடி. சரி பிள்ள."

வருஷத்துக்கு இரண்டு தரம் ஒரு தேசமே கடிகாரத்தைத் திருகி வைக்கிறதாமே, அங்கே டைம் ஆபீஸ்காரன் எப்படித்தான் பிழைப்பான் என்று சிரித்துக்கொண்டே டயரியில் எழுதினார்: இருபத்தேழு அக்டோபர், மூன்றரை.

அந்த ஞாயிறு கிருபாவதி கோவிலில் ராப்போஜனம் எடுக்கும்போது மட்டும் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். இதயத்தில் வால்வு சரியில்லை, மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்வாமிநாதன் வீடு இரண்டாம் மாடி. படிக்குப் படி நின்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி, மூன்றேகாலுக்கு மேலே போய்ச் சேர்ந்தாள். ஸ்வாமிநாதனின் மனைவி சாவித்ரி, டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தாள்.

"மொதல்ல அவ பேசட்டுமா, நான் பேசவா?" என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டாள் கிருபாவதி.

"நீயே பேசு. பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. ஒருவேளை பழைய நேரத்துக்குத்தானோ என்று நாலரை வரை நம்பிக்கை இருந்தது. அதுவும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை லைன் கிடைக்காது என்றாள் சாவித்ரி. கிருபாவதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஐந்து மணிக்குத் தானாகவே எழுந்து, "வாங்க, போவோம்" என்றாள். இறங்கும்போது அவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

ஐந்தேமுக்காலுக்குச் சாவித்ரி அவர்கள் வீட்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள். "மாமா, போன் வந்தது! அஞ்சரைக்கு! அவா இல்லேன்னு சொன்னேன், மேலே சொல்றதுக்குள்ளே கட்டாயிடுத்து."

அஞ்சரை. அங்கேயே நின்று சுவிசேஷமுத்து மனத்துக்குள் கணக்குப் போட்டார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மில்ட்ரெட் கிர்க்கித் தெருவில் இந்தி பேசி வளர்ந்தவள். எதையும் இந்தியில் நினைத்துத் தமிழில் சொல்லுவாள். 'ஆகே' என்று நினைத்து 'முன்னாடி' என்று சொல்லியிருக்கிறாள். இந்தியில் அது முன்பக்கம்; நேரத்துக்குச் சொன்னால் ஒரு மணி தள்ளிப் போகும், நாலரை அஞ்சரையாகும் என்று அர்த்தம். இவரோ திருநெல்வேலிக்காரர், முன்னாடி என்றால் முந்தி. சின்ன வயதில் அவள் இப்படி மாற்றிப் பேசும்போதெல்லாம் சிரித்தவரே அவர்தான். அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வரவில்லை.

உள்ளே ஓடி எல்லாவற்றையும் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த கிருபாவதி அவரையும், பின்னால் நின்ற சாவித்ரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவம், அவளையும் கூட்டுச் சேத்தாச்சா?"

"சத்தியமாச் சொல்லுதேன், கிருபா!"

"மூணு வருஷமாச் சொல்லுதிய. நானும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்." குரலில் கோபமே இல்லை. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லுதிய. விடுங்க. நான் அங்கன உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சும் அவ பேசல."

அவர் வாழ்க்கையிலேயே அவளிடம் சொன்ன மிகப் பெரிய உண்மை அது. அதை அவள் நம்பவில்லை. அவளை நம்ப வைக்க மகளின் குரலைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் காசுப் பெட்டிக்கு இங்கிருந்து கூப்பிட முடியாது, அதற்கு அடுத்த மாதம் கடைசி ஞாயிறு வரவேண்டும். தந்தியில் அடங்குகிற விஷயமில்லை என்று அன்றிரவே அவசரமாகக் கடிதம் எழுதினார். லண்டனுக்குப் போய்ச் சேரப் பத்து நாளாகும்.

பதினோராம் நாள் விடிகாலையில் கிருபாவதி போய்விட்டாள். தந்தி கொடுத்தார்கள். மில்ட்ரெட்டுக்கு எட்டாம் மாதம், விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். சபையார்தான் பெட்டியைத் தூக்கினார்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு அஞ்சரைக்கு அவர் தனியாக அந்த நாற்காலியில் இருந்தார். மணி அடித்தது. கொஞ்ச நேரம் அழுகை மட்டுமே கேட்டது.

"உங்க லெட்டர் தந்திக்கு மறுநாள் வந்துதுப்பா. அம்மா வந்து காத்திருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எனக்காகச் சும்மா எழுதினதா?"

"வந்தா பிள்ள. ரெண்டு மணி நேரம் முந்தியே வந்து உக்காந்திருந்தா."

"ஏன் முந்தியே? நான் அஞ்சரைன்னுதானே..." அவள் நிறுத்தினாள். "நான் என்ன சொன்னேன்ப்பா? முன்னாடின்னா சொன்னேன்? அது தப்பா?"

சுவிசேஷமுத்து ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். வயிற்றுப் பிள்ளையோடு அந்த வராந்தாவில் நிற்கிறவளை நினைத்தார். ஆயுசு முழுக்க இந்த ஒரு வார்த்தையை அவள் சுமக்க வேண்டுமா?

"நீ சரியாத்தான் சொன்ன. அஞ்சரைன்னே சொன்ன. நான்தான் நேரத்தைத் தப்பா எழுதிட்டேன்."

"நீங்களா? டைம் ஆபீஸ்ல இருந்த நீங்களா?" அவள் கத்தினாள். "எப்படிப்பா? எப்படி இதைப் போய் தப்பா எழுதுவீங்க? அம்மா என்னை என்ன நினைச்சுட்டுப் போயிருப்பாங்க!"

"ஆமா பிள்ள, என் தப்புதான்" என்றார். காசு தீருகிறவரை அவள் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.