நாயாற்றில் றெஜினா கட்டிய அறை

மாங்குளம் சந்தியில் சைக்கிள் ரியூப் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், "நாயாற்றுப் பொதுமண்டபத்துக்குக் கிபிர் விமானம் குண்டு போட்டிட்டுது. கட்டடப் படம் கீறுற அக்கா செத்துப்போனா" என்றார். காற்றடிக்காத சைக்கிளை உருட்டியபடி வீடு போனேன்.

றெஜினா எங்கள் அலுவலகத்தின் கட்டடக் கலைஞர். நான் அவரிடம் வேலைசெய்த படவரைஞன். கரையோர மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, புலமைப்பரிசிலில் யப்பான் போய்ப் படித்து, அங்கே சில வருடம் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர். சண்டை நடக்கிற இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "அம்மா இஞ்சைதானே" என்பார். அதற்குமேல் கதை இல்லை.

யப்பானில் அவருடைய மேலதிகாரி, மனைவி இறந்த மறுநாளே வேலைக்கு வந்து, எல்லோருக்கும் குனிந்து, சிரமம் தந்ததற்கு மன்னிப்புக் கேட்டாராம். சில மாதம் கழித்து ஒரு கூட்டத்தில், நகரசபைக் கட்டடத்துக்காகத் தானே செய்த மாதிரியைக் கைகளால் குத்தி நொறுக்கினார். விரல் எலும்பு தெரிந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. றெஜினாதான் துணி சுற்றிக் கட்டினார்.

"அந்தக் கட்டடத்திலை சாவைப் பதியிறதுக்கு யன்னல் வைச்சிருந்தம். அழுறதுக்கு ஒரு மூலை வைக்கேல்லை" என்று என்னிடம் சொன்னார். "அங்கையும் திருவிழா எண்டால் தெருவே அதிரக் கத்துவினம். இடம் குடுத்தால் மனுசர் எங்கையும் ஒண்டுதான்."

நாயாற்றில் மண்டபம் கட்டும்போது போர்ப் பகுதிக்குள் சீமெந்து கொண்டுவர அரசு தடை. களிமண்ணும் பனங்குற்றியும்தான். பின்பக்கத்தில் தடித்த மண்சுவரோடு ஓர் அறை வைத்தார். மண்டபத்தால் உள்ளே போகலாம். மற்றக் கதவால் கடல்நீரேரிப் பக்கம் வெளியேறலாம். அழுத முகத்தோடு சனத்தைக் கடந்து போகத் தேவையில்லை. ஊர்ச் சங்கத்தினர் அதைப் 'பேயறை' என்றார்கள். ஒருவரும் போகவில்லை.

பிறகு ஊர் மீனவரான சூசையின் மகனைக் கடலில் கடற்படை சுட்டுக்கொன்றது. அடக்கத்தில் சூசை கண் கலங்கவில்லை. அடுத்த கிழமை நிவாரணக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கோடரியோடு வந்தார். மகன் செத்த அன்று அவனைத் தொழிலுக்குக் கூட்டிப்போன சூசையின் மச்சான் முன்வரிசையில் இருந்தார். றெஜினா குறுக்கே பாய்ந்தார். கோடரிப் பிடி அவருடைய தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

விழுந்த இடத்திலிருந்தே பின்னறைக் கதவைக் காட்டினார். "உள்ளுக்குப் போங்கோ அண்ணை. சுவரைக் கொத்துங்கோ. அது செத்துப்போகாது."

கதவைச் சாத்தாமலே சூசை உள்ளே போனார். வெகுநேரம் கொத்துகிற சத்தம். பிறகு அது நின்று, ஒரு மனிதன் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். மச்சான் எழுந்து அந்தக் கதவடியில் போய் இருந்தார். அதற்குப் பிறகு முதலில் பெண்கள் வந்தார்கள். பிறகு ஆண்களும்.

விமானம் வந்த அன்று எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடிவிட்டார்களாம். அறைக்குள் அழுதுகொண்டிருந்த ஒரு தாய்க்கு மட்டும் சத்தம் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது; சுவர் அவ்வளவு தடிப்பு. றெஜினா திரும்பி ஓடினார். அந்த அம்மாவை நீரேரிப் பக்கம் தள்ளிவிட்டதும் கூரை இறங்கியது. உடல் முழுதாகக் கிடைக்கவில்லை. பெட்டியை மூடித்தான் வைத்தார்கள். சூசை அதன்மேல் விழுந்து, ஊர் முழுவதும் பார்க்க அழுதார்.

றெஜினாவை அறிந்து இந்த அஞ்சலியை வாசிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடம்பெயர்வுகளிலும் தம்பியின் சாவிலும் நான் அழுததில்லை. செய்தி கேட்ட அன்று வீட்டுக்குப் போய், குசினி அடுப்படியில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கத் தரையில் குந்தி அழுதேன். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் இருந்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. றெஜினாவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.