பின் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

அந்த வட்டாரத்தில் கார் எலக்ட்ரீஷியனை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். வேகமாக வேலை செய்வார் என்பதால் வந்த பெயர் அல்ல. ஒரு ஹாரனை மாற்றக் கொடுத்தால்கூடக் காலையில் விட்ட வண்டி மாலையில்தான் கைக்கு வரும். காத்துக் காத்துக் கடுப்பான யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அதை மனதில் வைத்துக்கொண்டதில்லை. வேலை பழகிய காலத்தில், கூட நின்றவரின் கைக்கடிகாரச் சங்கிலி பேட்டரியில் பட்டு, மணிக்கட்டைச் சுற்றிச் சதை வெந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் முதலில் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார்; அடுத்து பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுவார்; அப்புறம்தான் மற்றதெல்லாம்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில் ஒரு பாதி அவருடையது. மறு பாதியில் அவர் மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஒரு காலையில் ஷெட் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்.

"அண்ணே, எங்க வீட்ல ஒரு பழைய கார் நிக்குது. அதுக்கு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஒண்ணு போடணும்."

"போட்டுடலாம்மா. பழைய ஒயரிங்குக்கு அது நல்லதுதான். எங்கயாவது ஒயர் உரசினாலும் தீப்பிடிக்காது."

"தீக்காக இல்லண்ணே. அப்பாவுக்காக."

அவளுடைய அப்பா ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், உருண்டை விளக்கு வைத்த அந்தப் பழைய காரை வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தார். இப்போது அவருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. போன மாதம் யாருக்கும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் எதிர்ப்பக்கமாகவே ஓட்டிப் போயிருக்கிறார். வாட்ச்மேன் பாய்ந்து இழுத்ததால் இரண்டு குழந்தைகள் மயிரிழையில் தப்பின. வீட்டில் சாவியை ஒளித்து வைத்தார்கள். அவர் வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டு, கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அந்த அழுகையை என்னால பாக்க முடியலண்ணே. சாவி அவர் கையிலேயே இருக்கட்டும். வண்டி மட்டும் நகரக்கூடாது. சுவிட்சை அவர் கண்ணுல படாம வச்சுக் குடுங்க."

மின்னல் சரி என்று தலையாட்டினார். ஆனால் மத்தியானம் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

அவர் விஷயத்தைச் சொன்னார். "மொத்தமா கட் பண்ணிட்டா, சாவியைத் திருப்பினாலும் ஒரு சின்ன விளக்குகூட எரியாது. அந்த மனுஷன் தினமும் உக்காந்து, தினமும் தன் வண்டி செத்துப் போச்சுன்னு புதுசா தெரிஞ்சுக்குவாரே."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப ஏன் சாகடிக்கிறீங்க? ஓடுறதை மட்டும் நிறுத்துங்க. லைட்டு எரியட்டும், ஹாரன் அடிக்கட்டும். எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, நான் சீட்டு தைக்கிறவ."

மறுநாள் அவர் அந்த வீட்டுக்குப் போனார். கார் பளபளவென்று துடைக்கப்பட்டு நின்றது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. மோதிரத்தைக் கழற்றினார், எர்த்தைக் கழற்றினார். ஸ்டார்ட்டருக்கும் இஞ்சினுக்கும் போகிற கரண்டை மட்டும் பிரித்து சுவிட்ச் வழியாகத் திருப்பினார். விளக்குக்கும் ஹாரனுக்கும் ரேடியோவுக்கும் தனியாக ஒரு ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்தார். சுவிட்சை சீட்டின் சட்டத்துக்கு உள்பக்கமாகத் திருகும்போது, வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். உள்ளே மருமகன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி செய்றீங்க?"

"பேட்டரி சுவிட்சுங்கய்யா. சும்மா நிக்கும்போது சார்ஜ் இறங்காம இருக்க."

முழுப் பொய் இல்லை. ஆனாலும் சொன்ன வாய் கசந்தது. பெரியவர் கேபிளின் போக்கைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். பஸ்ஸோடு வாழ்ந்த கண் அது.

"ஸ்டார்ட்டர் கேபிளும் இதுக்குள்ளதான போகுது?"

மின்னல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆமாங்கய்யா."

"நான் ஓட்டக்கூடாதுன்னு போடுறீங்க."

இதற்கு மேல் மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. "ஆமாங்கய்யா. மன்னிச்சிடுங்க."

பெரியவர் கோபப்படவில்லை. பின் சீட்டின் ஓரத்தில், கால்களை வெளியே போட்டபடி மெல்ல உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல நடந்தது எனக்கு சில நாள் ஞாபகம் வருது, தம்பி. இன்னைக்கு வருது. அந்தப் பிள்ளைங்க முகம்கூடத் தெரியுது. வந்த நாளெல்லாம் தூக்கம் இல்ல. வராத நாள்ல..." வலது கையால் காற்றில் சாவியைத் திருப்பிக் காட்டினார். "வராத நாள்ல நான் வேற ஆளு. அவன் எவ்வளவு கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியும். இந்த சுவிட்சைத் தேடிக் கண்டுபிடிச்சிடுவான்."

"ஐயா..."

"இது அவனுக்கு ரொம்ப சுலபமான இடம். சீட்டைத் தூக்கினா தெரிஞ்சிடும். வேற எடத்துல வைங்க. எங்க வச்சீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. நான் உள்ள போயிடறேன்."

அவர் எழுந்து, காரின் கூரையை ஒரு முறை தட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். மின்னல் கண்ணைத் துடைத்தபோது கன்னத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது. பிறகு திருகிய ஆணிகளை எல்லாம் கழற்றி, வேலையை முதலிலிருந்து தொடங்கினார். கேபிளைத் தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோய், சுவிட்சை வேறு இடத்தில் வைத்தார். சாயங்காலம் மகளிடம் மட்டும் அந்த இடத்தைக் காட்டினார். அப்பா சொன்னதையும் சொன்னார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று கேட்டாள்.

அதன் பிறகு பெரியவர் தினமும் காரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது. இஞ்சின் ஏன் உறுமவில்லை என்று சில நாள் கேட்டார். "சிக்னல்ல நிக்கறோம்பா" என்று மகள் சொல்ல, சரி என்று காத்திருந்தார். சில நாள் கோபத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினார். எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை.

பேட்டரியை சார்ஜ் செய்ய மின்னல் அவ்வப்போது போனார். பெரியவருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "ஏறுங்க, எங்க இறங்கணும்?" என்பார். மின்னல் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்கு வந்த ஓர் இடத்தைச் சொல்வார். பெரியவர் ஹாரன் அடித்து, கண்ணாடியைப் பார்த்து, கவனமாக வளைப்பார். வளைவுகளில் வேகம் குறைப்பார். ஒரு முறைகூட எதிர்ப்பக்கம் போனதாக மின்னலுக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் பெரியவர் படுக்கையோடு ஆனார். கொஞ்ச நாளில் தூக்கத்திலேயே போய்விட்டார். கார் அந்த வீட்டிலேயே நின்றது. டீச்சர் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஓர் ஆள் ஷெட்டுக்கு வந்தான். ஞாபகம் தப்பிப்போன அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுகிறாளாம். "அவங்களுக்குத் தெரியாம ஒரு சுவிட்ச் போட்டுக் குடுங்க."

மின்னல் கையைத் துணியில் துடைத்தார். "போடறேன். அதுக்கு முன்னாடி, ஞாபகம் தெளிவா இருக்கிற ஒரு நல்ல நாளாப் பாத்து என்னை உங்க அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் அவங்களைக் கேக்கணும்."

"அவங்களுக்கு என்னங்க புரியப்போகுது?"

"புரியலாம். புரியாமலும் போகலாம்," என்றார் மின்னல். "கேக்காம நான் கை வைக்க மாட்டேன்."

தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிட்டார்.