சிவநாதன் கையிலிருக்கும் சாபப் புத்தகம்

ஆட்டம் தொடங்குமுன் சிவநாதன் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். கறுப்பு ரெக்சின் ஒட்டி அவரே செய்தது; உள்ளே ஓர் எழுத்து கிடையாது. ஆனால் ஆட்டத்தின் விதிப்படி அது சாபம் பிடித்த மந்திரப் புத்தகம். சாபத்தைப் போய்க் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று நண்பர் அப்துல் லத்தீப் வாராவாரம் கேட்கிறார்.

"சாபம் எழுதுனவனோட போவட்டும். பொஸ்தகம் என்னங்க பண்ணுச்சு?" என்பார் சிவநாதன்.

ஞாயிறு மாலைகளில் வரிச்சிக்குடியில் சிவநாதன் வீட்டுக் கூடத்தில் ஒரு ப்ளைவுட் பலகை போர்க்களமாகிவிடும். களிமண் குன்று, தெர்மகோல் கோட்டை, விரலளவு பிளாஸ்டிக் வீரர்கள். நண்பர்கள் நாங்கள் ஆளுக்கொரு படை வைத்துக்கொண்டு, பகடை உருட்டி நகர்த்துவோம். எல்லாப் படைக்கும் வண்ணம் பூசுவது சிவநாதன்தான். எதிரிக்கும் அதே அக்கறையோடு மீசை வரைவார். இவரோடு எப்படிச் சண்டை போடுவது?

களத்தின் நடுவில் கிடக்கும் புத்தகத்தை யாராவது எடுத்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாப் படைகளும் அழியும். எடுத்தவருக்கு மந்திர பலம் உண்டு. ஆனால் வாசிக்கும்போதெல்லாம் தன் வீரன் ஒருவனை இழப்பார். கீழே வைக்கவும் முடியாது. இன்னொருவர் தானாகக் கை நீட்டிக் கேட்டால் மட்டுமே அது கைமாறும். நாங்கள் கேட்டதில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி, சிவநாதன்தான் எடுப்பார்.

ஒரு கேபிள் கம்பெனியில் புகார் கேட்கும் மேசையும் அவருடையதுதான். நெட் போனால் ஊரே அவர் மேல் பாயும். "திட்டு வாங்கவும் ஒரு ஆளு வேணும்லங்க" என்பார், டீயை ஆற்றிக்கொண்டே.

உள்ளறையில் அவருடைய அப்பா மருதையன் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். வலி எடுத்தால், பார்த்துக்கொள்கிற மகனைத்தான் வைவார்: "நீ வெளங்கவே மாட்டடா." சிவநாதன் பகடையை வைத்துவிட்டுப் போய், அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, கை கழுவிவிட்டு வந்து உட்காருவார். தூக்கித் தூக்கி இப்போது அவருக்கே இடுப்பு போய்விட்டது. இனி தூக்கினால் நீங்களும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கோட்டுச்சேரியில் இருக்கும் தங்கை நீலாயதாட்சி, கொஞ்ச நாள் அப்பாவைத் தன்னிடம் விடச் சொல்லி மன்றாடுகிறாள். கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் அப்பாவை விட்டால் ஊர் சிரிக்கும் என்று இவர் தட்டிக்கழிக்கிறார். எனக்கு அதில் கோபம்தான். பெருந்தன்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

போன ஞாயிறு நீலாயதாட்சியும் ஒரு படையை வைத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தாள். வாசித்து வாசித்து சிவநாதன் பக்கம் ஒரே ஒரு வீரன் மிஞ்சியிருந்தான். அப்போது உள்ளேயிருந்து வசவு கேட்டது. அவர் எழப் பார்த்தார்; இடுப்பு விடவில்லை. பாதி எழுந்து, சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். தங்கை போய் அப்பாவைக் கவனித்துவிட்டு வந்தாள். வந்தவள் உட்காராமல், பலகைக்கு மேல் உள்ளங்கையை நீட்டினாள்.

"குடுண்ணே. நானாத்தான் கேக்குறேன்."

எதைக் கேட்கிறாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. லத்தீப் பகடையை உருட்டவில்லை. சிவநாதன் புத்தகத்தை இறுக்கிப் பிடித்தபடி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அவள் கையில் வைத்தார். மிஞ்சியிருந்த தன் ஒரே வீரனையும் எடுத்து, அவள் படையின் முன்வரிசையில் நிறுத்தினார்.