கிளாஸ்கோவில் நான் இருந்த ஒரு வகுப்பு

மகள் கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. கொஞ்ச நாள் லீவு கிடைத்தது. அங்கே போயும் கை சும்மா இருக்கவில்லை. அவளுடைய அறையைக் கூட்டினேன், யன்னல் துடைத்தேன், துவைத்த உடுப்பையே திரும்பத் துவைத்தேன். அவள் பொறுக்க முடியாமல் என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கன்டீனில் இருத்திவிட்டு வகுப்புக்குப் போனாள்.

தேத்தண்ணி ஆறமுதலே எழும்பிவிட்டேன். ஒரு மண்டபத்துக்குள் மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஏனென்று தெரியாது, நானும் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன்.

விரிவுரையாளர் பாறைகளைப் பற்றிப் பேசினார். அவருடைய ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. ஆனால் ஸ்கொட்லாந்து மலைகளும் நோர்வே மலைகளும் ஒருகாலம் ஒரே தொடராக இருந்தவை என்றது விளங்கியது. பக்கத்திலிருந்த மாணவி, எந்த வருடம் படிக்கிறீர்கள் என்று கேட்டாள். மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டும் சண்டையால் போக முடியாமல் போனதைச் சொன்னேன். அவள் ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

வெளியே மகள் என்னைத் தேடிக்கொண்டு நின்றாள்.

"உள்ளுக்கையோ இருந்தனீங்கள்?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஒஸ்லோவுக்குத் திரும்பியும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வெஸ்ட்லி ரயிலில் இடம் கிடைத்தாலும் எழும்பி நிற்பேன். கறி அடுப்பில் கிடக்க, போனில் படிப்புகளைத் தேடுவேன். கடைசியில் கணவரிடம் சொன்னேன்.

"இந்த வயசிலை படிச்சு என்ன செய்யப்போறீர்?"

"தெரியாது. ஆனால் சும்மா இருக்கேலாமக் கிடக்கு."

அடுத்த நாள் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்டேன். நோர்வேக் கணக்குப் பாடத்தை முதலில் முடிக்கச் சொன்னார்கள். முதல் தரம் பெயில். அன்று வீட்டுக்குள் போக மனமில்லாமல் பனிக்குள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கணவர் கீழே வந்து கூடவே நடந்தார். அடுத்த தரம் மயிரிழையில் தப்பினேன்.

மகள் படிப்பை முடித்து இப்போது நோர்வேயின் வடக்குக் கரையில் ஹம்மர்பெஸ்ட்டில் வேலை செய்கிறாள். நான் ஒஸ்லோவில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறேன். சனி, ஞாயிறில் முதியோர் இல்லம். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தால்தான் ஏறுகிறது. போன கிழமை மகள் போன் எடுத்து, எப்படிப் போகிறது என்று கேட்டாள். வகுப்புக்குப் பிந்துது, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டேன்.