எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு எமோ பாட்டு

எமோ என்றால் என்ன என்று யார் கேட்டாலும் ஈஸ்வரியிடம் ஒரே பதில்தான். “மனசுல கீறத கிதார வச்சிக் கத்தறது.” எங்கள் கணியம்பாடிப் பையன்களோ அந்தச் சொல்லைக் கேலிக்குத்தான் எடுப்பார்கள். எவனாவது காதலில் தோற்று, முன்முடியைக் கண்ணில் இறக்கிவிட்டுத் திரிந்தால், “மச்சான் எமோ ஆயிட்டான்டா” என்பார்கள். உணர்ச்சியை ஒளிக்காமல் கொட்டுகிற ஒருவகை ராக் இசைக்கு அது பெயர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. “சொல்லிட்டுப் போவட்டும், அன்பரசா. பாட்டு நம்மளுதுதான?”

ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக் கலசப்பாக்கம் சந்தைக்கு இறக்குகிற குட்டியானை வண்டி அவளுடையது. ஓட்டுவதும் அவளே. எங்கள் இசைக்குழுவில் ஃபஹத் கிதார், நான் ட்ரம்ஸ், குரல் அவள்.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மலைமேல் இருக்கிற அவள் ஊருக்குப் பஸ் இல்லை. டோலி கட்டித் தூக்கிப்போன வழியிலேயே உயிர் போய்விட்டது. அதைத்தான் அவள் பாட்டாக்கினாள். வேலூரில் நாலு மேடையில் பாடிவிட்டோம். அம்மா மங்கம்மாள் மட்டும் கேட்டதில்லை. அவர் எதிரில், சொந்த ஊரில் அதைப் பாட வேண்டும் என்பதுதான் ஈஸ்வரியின் ஒரே ஆசை.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் பாட ஊர் ஒப்புக்கொண்டது. ஸ்பீக்கர், ஜெனரேட்டரோடு போனோம். என்ன பாட்டு என்று பூசாரி தேவராஜ் விசாரித்தார். சொன்னாள்.

“செத்தவருக்குப் பாட்றதா? காப்பு கட்டிக்கீது, ஈஸ்வரி. அவுக்கற வரைக்கும் ஊருக்குள்ள அழுகப் பாட்டு ஆவாது. வேற இன்னா வேணா பாடும்மா.”

அவர் சொன்னது நியாயம். இது அவளுக்குத் தெரியாததும் அல்ல. தேதி குறித்த அவசரத்தில் கோட்டை விட்டுவிட்டாள். சரி, ஊருக்கு வெளியே பாடலாம் என்றால், இந்த முறை காப்பு கட்டியவர்களில் மங்கம்மாளும் ஒருவர். காப்பு கட்டியவர் எல்லையைத் தாண்டக் கூடாது.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“இன்னாத்துக்குச் சுத்தற? வையி” என்றவள் பூசாரியிடம் திரும்பினாள். “மாமா, எல்லைக் கல்லுக்கு அந்தாண்ட நின்னு நான் பாட்றேன். அம்மா இந்தாண்ட நின்னு கேக்கட்டும். ஆவுங்களா?”

பூசாரி தலையாட்டினார். “ஆவும். ஆனா இந்தாண்ட ஒரு சொட்டு கண்ணீர் வுழக் கூடாது.”

அவளே வண்டியை எடுத்துக் கல்லைத் தாண்டி நிறுத்தினாள். பின்கதவை இறக்கி, ஸ்பீக்கர்களை ஊர்ப் பக்கம் திருப்பினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் புடவையில் மங்கம்மாள் கல்லை ஒட்டி வந்து நின்றார். பின்னால் ஊரே நின்றது.

ஈஸ்வரி தொண்டை கிழியப் பாடினாள். பாட்டின் உச்சத்தில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வந்தது. “பஞ்சாட்சரம்!” என்று கத்தினாள். மங்கம்மாளின் கண்கள் நிறைந்தன. பூசாரி பதறி ஓரடி முன்னால் வந்தார்.

மங்கம்மாள் அண்ணாந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட வாயால் சொல்லாத புருஷன் பெயரை, மகளைவிடப் பலமாகக் கத்தினார்.

“பஞ்சாட்சரம்!”

ஒரு சொட்டும் விழவில்லை. எனக்குத்தான் தாளம் தப்பிவிட்டது.