சின்னம்மா வீட்டில் கடைசி அத்தியாயம்

மதராஸிலிருந்து அந்த நாவல் வந்ததும் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பிடித்துவிட்டது. பணக்காரர் குடியிருக்கும் பேட்டையில் ஒரு பங்களா. தகப்பன் அதை இளையவளுக்கு எழுதிவைக்க, மூத்தவள் முகம் திருப்பிக்கொள்கிறாள். இவ்வளவுதான். ஆனால் ஐயோ, என்ன கதை!

புத்தகம் ஒன்றுதான். புருஷன்மார் கோட்டைக்கும் புதுக்கடைக்கும் உத்தியோகத்துக்குப் போனபின், புதன்கிழமைப் பின்னேரங்களில் பெண்கள் முறைவைத்து ஒரு வீட்டில் கூடுவார்கள். சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா இருந்த நான் ஒரு அத்தியாயம் உரத்து வாசிப்பேன். முடிந்ததும் புத்தகம் அடுத்த முறைக்காரியின் அலுமாரிக்குப் போய்விடும். யாரும் முன்கூட்டிப் புரட்டக்கூடாது, நான் உட்பட. வாசிக்கிறவளுக்கே முடிவு தெரியாத கொடுமை வேறெங்காவது உண்டா?

கூட்டத்தில் ஒரு மூலையில் அம்மா, மறு மூலையில் சின்னம்மா. கூடப்பிறந்தவர்கள், பேச்சுவார்த்தை இல்லை. கடற்கரைப் பக்கத்து வீட்டைத் தகப்பனார் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியதில் அம்மாவுக்கு ஆறாத கோபம். அவள் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தார். எனக்கோ சின்னம்மா என்றால் உயிர். இந்தச் சண்டை தீராதா என்று ஏங்காத நாளில்லை.

வேடிக்கை என்னவென்றால், கதையில் அம்மா இளையவளின் கட்சி. தகப்பன் மனமுவந்து கொடுத்ததற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று எல்லாரோடும் மல்லுக்கு நின்றார். சின்னம்மாவோ மூத்தவளுக்காகக் கண்ணைக் கசக்கினார். இருவருமே தாங்கள் யாருக்காக வழக்காடுகிறோம் என்பதை உணரவில்லை. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசி அத்தியாயம் சின்னம்மா வீட்டு முறையில் வந்து விழுந்தது! அம்மா வரமாட்டாராம், நான் வாசித்துவிட்டு வந்து முடிவைச் சொல்லவேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்.

“கேக்க வேணுமெண்டால் வாங்கோ. நான் சொல்லமாட்டன்.”

அம்மா என்னை முறைத்த முறைப்பு! ஆனால் புதன்கிழமை நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தார். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சின்னம்மா பேசாமல் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வாசிக்கத் தொடங்கினேன். நல்ல இடத்தில் கடற்கரை ரயில் தடதடவென்று வந்து எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு போனது. மறுபடி தொடங்கினேன். பங்களா விலைப்பட்டுப் போகிறது. அக்காவும் தங்கையும் முகம் பாராமலே ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். முற்றும்!

இதற்காகவா இத்தனை மாதம் காத்திருந்தோம் என்று பெண்கள் எழுதியவனைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அம்மாவின் குரல்தான் மேலே கேட்டது.

“விசர்க் கதை. தங்கச்சிக்காரி ஒருக்காப் போய்க் கூப்பிட்டிருக்கலாம்தானே?”

அடுப்படி வாசலில் நின்ற சின்னம்மா தலை நிமிராமல் கேட்டார்.

“கூப்பிட்டால் அக்கா வந்திருப்பாவோ?”

அம்மா கையை நீட்டிக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது ஆறிப்போச்சு. சூடா ஒண்டு ஊத்திக்கொண்டு வா.”